காய்ந்ததா என்று பார்ப்பது

கல் கம்பெனிக்கு சனி, ஞாயிறு லீவு.
ரம்பம் மாற்றுகிறார்கள்.
ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக
இரண்டு நாள் சேர்ந்தாற்போல.
எங்கியாவது போலாம் என்றான் திம்மராஜ்.
ஊட்டிக்குக் காசில்லை. ஒகேனக்கல்லில் கூட்டம்.
வத்தல்மலை என்றேன்.
அங்க என்ன இருக்கு?
காப்பி.
காப்பி நம்ம வீட்லயும்தான் இருக்கு என்றான்,
ஆனால் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தான்.

கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியதும்
என் வேலை தொடங்கியது.
பின்னால் லாரி வந்தால் இடத்தோளில் ஒரு தட்டு,
பஸ்ஸுக்கு இரண்டு.
ரம்பம் ஓடும் பக்கமாக நின்ற காது அது.
பலகைகள் பளபளக்கப் பளபளக்க
இது மங்கிக்கொண்டே வந்தது.
கட்டம் போட்ட தாளில் டாக்டர் ஒரு கோடு காட்டினார்,
மலை இறங்குகிற மாதிரி.
இனி ஏறாதும்மா என்றார், என்னைப் பார்த்து.

சண்டை போடும்போது
அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொள்வேன்.
சொல்வதையெல்லாம் சொல்லிவிடலாம்,
சொன்னதாகவும் ஆகாது.

எனக்குச் சளி பிடித்திருந்தது.
ஏழாவது கொண்டை ஊசியில் ஒரு காது அடைத்தது,
எட்டாவதில் மற்றது.
வண்டிச் சத்தம் பக்கத்து வீட்டு மிக்ஸி போலப்
போய்விட்டது தூரமாக.
திம்மராஜ் ஏதோ சொன்னான்.
முதுகு அசைந்தது, சொல் வரவில்லை.
என்ன? என்றேன்.
திரும்பவும் சொன்னான்.
என்ன?
மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது.
ஆமா என்றேன், சும்மா.

ஒரு நாளைக்கு இவன் எத்தனை ஆமா சொல்கிறான் என்று
எண்ணிக்கொண்டு வந்து
பதினான்காவது வளைவில் விட்டுவிட்டேன்.

மேலே, சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி கட்டியிருந்தது.
அதன் காலடியில் காப்பிச் செடிகள்,
ஆள் உயரத்துக்கு, யாரையோ கும்பலாக நின்று பார்ப்பதுபோல.
டீக்கடையில் காப்பி கேட்டோம்.
டீ மட்டும்தாங்க.
திம்மராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.
நாள் முழுக்க அதையே வைத்து ஓட்டினான்.

அறை வாடகைக்கு விட்ட குழந்தைசாமியின் வாசலில்
தார்ப்பாய் விரித்து
பழம் காய்ந்து கறுத்துக் கிடந்தது.
ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினான் அவன்.
உள்ள கொட்டை தனியா ஆடணுங்க,
அந்தச் சத்தம் வந்தாத்தான் காஞ்சுதுன்னு கணக்கு.
நீங்களும் கேளுங்க என்று
மூடிய கையை நீட்டினான்
இடது காதுக்கு.

நான் வாயைத் திறந்தேன்.
திம்மராஜ் தலையைச் சாய்த்தான்.
கேட்டான், கண்ணை மூடிக்கொண்டு,
தியேட்டரில் பழைய பாட்டு வந்ததுபோல.
ஆமா என்றான்.

எனக்கு அந்த ஆமாவைத் தெரியும்.
காலையில்தான் நானே ஒன்று செய்திருந்தேன்.

ராத்திரி குளிர். புகை வாசமடிக்கும் ஒரே கம்பளி.
வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால்
அவனுக்கு ஊரே மூடிவிடும்.
அப்படித்தான் படுத்தான்.
மேலே கிடந்த காதில்
எதுவும் திட்டத் தோன்றவில்லை எனக்கு.
வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.
கொட்டாவி விட்டேன். காது திறக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் இறங்கினோம்.
குழந்தைசாமி கொடுத்த இரண்டு கை பழம் என் பையில்.
ஒன்பதாவது வளைவில்
டப்பென்று திறந்துகொண்டது எல்லாம்:
சில்வண்டு, பிரேக், செயின் கவரில் உரசும் என் சேலை,
பள்ளத்துக்குப் பள்ளம்
பைக்குள் கொட்டைகள் கலகலப்பது.
இவ்வளவும் எனக்கு.
பின்னால் உட்கார்ந்தவளுக்கு மட்டும்.

இடத்தோளில் ஒரு தட்டு தட்டினேன்.
வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான்.
கண்ணாடியில் பார்த்தான். ரோடு காலியாகக் கிடந்தது.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்,
இல்லாத லாரி
எங்களைத் தாண்டிப் போகட்டும் என்று.